அன்புக்கு இட்ட வேலி

நன்கொடை உறுதியொன்று எழுதப்படும் நாளில், யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமாரின் அலுவலக அறைகளிலே பெரும்பாலும் ஒரே விதமான காட்சியைக் காணலாம். முதிய தந்தை ஒருவர், அல்லது தாய் ஒருவர், நாற்காலியில் அமர்ந்திருப்பார். அருகிலே மகளும் மருமகனும் நிற்பர். சாட்சிகள் இருவர் சற்றே விலகி அமர்ந்திருப்பர். காணியின் பெயரும் பரப்பும் நாற்புறத்து எல்லைகளும் வாசிக்கப்படும். வீடும் கிணறும் பனைகளும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படும். பின்னர் நொத்தாரிசு எழுதுவதை நிறுத்தி, முதியவரை நோக்கி ஒரு வினாவை எழுப்புவார்: சீவிய உரித்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா?

அறையில் ஒரு கணம் பேச்சு நின்றுவிடும். வைத்துக்கொள்வதாகச் சொன்னால், பிள்ளைகளை நம்பவில்லை என்று பொருள்படுமோ என முதியவர் தயங்குவார். விட்டுவிடும்படி சொன்னால், ஊரார் என்ன பேசுவாரோ என மகள் தயங்குவாள். பழக்கமுள்ள நொத்தாரிசு அத்தயக்கத்தை அறிவார்; விடைக்காகப் பொறுமையோடு காத்திருப்பார்.

சீவிய உரித்து என்பது விளங்குதற்கு எளியது. காணியும் வீடும் உறுதியின்படி பிள்ளைக்கே உரியனவாகும். ஆயினும் பெற்றவர் உயிரோடிருக்கும் வரையில் அவ்வீட்டில் வாழ்வதற்கும், அக்காணியின் பயனை அனுபவிப்பதற்கும் அவருக்கு உரிமை உண்டு. உரித்து உள்ளவரை அவரை அவ்வீட்டிலிருந்து எவரும் வெளியேற்ற இயலாது. உறுதியில் அது ஒரேயொரு வாக்கியமாகவே அமைகின்றது. அவ்வொரு வாக்கியத்தின் பின்னே, முதுமையடைந்த பெற்றோரை இந்நாட்டு மக்கள் எவ்வாறு பேணினர் என்னும் நீண்ட சரித்திரம் அடங்கியிருக்கின்றது.

வயது முதிர்ந்த தாய் தந்தையரை எங்கே, எவர் பொறுப்பில் வைத்துப் பேணுவது என்பது இன்று பல வீடுகளிலே தாழ்ந்த குரலிற் பேசப்படும் பிரச்சினையாகும். முன்னைய காலத்தில் இப்பிரச்சினை எழவேயில்லை என்றும், பிள்ளைகள் அன்பினால் தாமாகவே யாவற்றையும் செய்தனர் என்றும் கூறுவது வழக்கமாகிவிட்டது. சரித்திரம் அவ்வாறு கூறவில்லை. நம் முன்னோர் பிள்ளைகளின் அன்பை மதித்தனர். ஆயின் அன்பை மாத்திரம் நம்பி முதியோரை விட்டுவிடவில்லை. பயிருக்கு வேலி இடுவதுபோல, அன்புக்கும் ஒரு வேலி இட்டு வைத்தனர். அந்த வேலி காலத்துக்குக் காலம் எவ்வாறு அமைந்தது என்பதை அறிதல், இன்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களுக்கும் துணைசெய்யும்.

வடபுலத்து வழக்கத்தை எழுத்தில் அமைத்த நூல் தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியிலே, தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டில் இவ்வழக்கங்களைத் தொகுத்தார். நெடுங்காலம் இப்பகுதியில் வாழ்ந்து பழகியவர் அவர். அத்தொகுப்புத் தமிழில் மொழிபெயர்க்கப்பெற்று, முதலியார் பன்னிருவரால் ஆராயப்பட்டு, நாட்டு வழக்கத்துக்கு இசைந்ததென ஏற்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக நிலைநிறுத்தினர்.

அந்நூலிலே பிள்ளைகளின் கடமை பற்றிக் காணப்படும் விதி இக்காலத்தவருக்கு வியப்பைத் தரும். பெற்றோர் உயிரோடிருக்கும் வரையில் ஆண்மக்கள் குடும்பச் சொத்தில் எதனையும் கேட்டுப் பெறும் உரிமையுடையவரல்லர். அதுமாத்திரமன்று, மணமாகாதிருக்கும் காலத்தில் அவர்கள் உழைத்துத் தேடியவற்றையும், உடலில் அணியும் பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பத்தின் பொதுச் சொத்திலே சேர்த்தல் வேண்டும். பெற்றோர் பட்ட கடனை இறுக்கும் பொறுப்பும் ஆண்மக்களையே சார்ந்தது.

இவ்விதியின் உட்பொருள் யாது? சொத்து முதியவரின் கையிலேயே இருந்தது. பிள்ளையின் உழைப்பும் அங்கேயே வந்து சேர்ந்தது. பெற்றவர் ஒரு நாளும் பிள்ளையிடம் கையேந்தும் நிலையில் வைக்கப்படவில்லை. பிள்ளையே பெற்றவரின் கையை எதிர்பார்த்திருந்தான். அன்பு இருந்த வீட்டில் இவ்விதி ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. அன்பு குறைந்த வீட்டில் முதியவரின் உணவுக்கும் மதிப்புக்கும் அதுவே காவலாயிற்று.

பெண்மக்களின் நிலை வேறு. மகளுக்குச் சீதனம் கொடுக்கப்பட்டது. அவ்வாறு பெற்றவள் எஞ்சிய சொத்திற் பங்கு கோருவதில்லை. எனினும் காணியும் வீடும் சீதனமாகப் பெண்வழியே செல்லும் வழக்கம் இருந்தமையால், யாழ்ப்பாணத்திலே முதிய தாய் மகளோடு வாழ்தல் இயல்பாயிற்று. மட்டக்களப்புப் பகுதியில் முக்குவர் வழமை பெண்வழி உரிமையையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் பின்னர் அவ்வழமை சட்டவலுவை இழந்தபோதிலும், வீட்டை மகளுக்குக் கொடுக்கும் பழக்கம் அங்கே நிலைத்து நின்றது. மாமியார் வீட்டில் மருமகள் முதியோரைப் பேணும் முறையே தமிழர் அனைவர்க்கும் உரியது எனச் சிலர் எண்ணுவர். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் முதியோரின் கட்டிலருகே நின்றவள் பெரும்பாலும் சொந்த மகளே.

கண்டி இராச்சியத்து வழக்கம் இதே தேவையை வேறொரு வழியால் நிறைவேற்றியது. அங்கே விவாகம் இருவகைப்படும். மணமகள் கணவன் வீடு செல்வது தீகா. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்னா. ஆண்மக்கள் இல்லாத பெற்றோரும், துணை வேண்டிய முதியோரும் மகளைப் பின்னா முறையில் மணஞ்செய்து கொடுத்து, அவளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். வீட்டில் தங்கிய மகளுக்குத் தந்தையின் நிலத்தில் உரிமை நிலைத்தது. மூத்தோரைப் பேணும் உழைப்பும் நிலத்தின் உரிமையும் இவ்வாறு ஒரே கயிற்றிற் கட்டப்பட்டன.

கண்டிச் சட்டத்தின் மற்றொரு சிறப்பு நன்கொடையைப் பற்றியது. முதுமையில் உதவியும் பராமரிப்பும் பெறும் நோக்கத்தோடு நிலத்தைக் கொடுத்த ஒருவர், பெற்றவன் கடமை தவறினால் அக்கொடையை மீட்டுக்கொள்ளலாம் என்பது அங்கு வழங்கிய நெறி. 1938ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கண்டிச் சட்டக் கட்டளைச்சட்டமும், சில விலக்குகள் நீங்கலாக, கொடுத்தவர் தம் வாழ்நாளில் நன்கொடையை இரத்துச் செய்யலாம் என்றே விதித்தது. கொடுத்த கை மீண்டும் மூடிக்கொள்ளலாம் என்னும் நினைவு, வாங்கிய கையை நேராக வைத்திருந்தது.

கரையோர மாகாணங்களில் நிலவிய ஒல்லாந்த வழிச் சட்டம் இதற்கு மாறானது. முழுமையாகக் கொடுக்கப்பட்ட நன்கொடையை, கொடிய நன்றியீனம் போன்ற சில காரணங்களாலன்றி, மீட்க இயலாது. இதனோடு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டமும் சேர்ந்தது. அதன்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகள் இருவர் அறிய, எழுத்தில் அமைதல் வேண்டும். வாய்ச்சொல்லால் நிலம் மாறாது.

இதனால் ஒரு விநோதமான நிலை உண்டாயிற்று. நிலம் பிள்ளைக்குச் சென்றது எழுத்தில். பெற்றவரைப் பேணுவேன் என்ற வாக்கோ பெரும்பாலும் வாயிலேயே நின்றது. அன்பும் பட்சமும் காரணமாக இக்காணியைக் கொடுப்பதாக உறுதியில் எழுதுவர். அவ்வன்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குச் செல்கிறதென்று நோக்கினால், கொடுப்பவரின் அன்பே எழுத்தில் இருக்கும். வாங்குபவரின் அன்பு எழுத்தில் இராது. இக்குறையை உணர்ந்த மக்களின் பட்டறிவே சீவிய உரித்து என்னும் வாக்கியத்தை உறுதியிலே இடம்பெறச் செய்தது. அது பிள்ளையை ஐயுறுவதற்காக எழுதப்பட்டதன்று. மகன் இறந்துபடலாம், மருமகள் மறுமணம் செய்யலாம், கடன் காரணமாகக் காணி விலைப்படலாம். நல்ல பிள்ளையின் கையிலும் தங்காத காரியங்கள் உலகில் உண்டு. அவற்றுக்கெல்லாம் எதிராக இட்ட வேலியே அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலத்தின் பிடி தளரத் தொடங்கியது. ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் கொழும்புக்கும், கடல் கடந்து மலாயாவுக்கும் சென்று, புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் பிற அரசாங்கத் திணைக்களங்களிலும் உத்தியோகம் பெற்றனர். உழைப்பு வயலில் அன்றி, மாதச் சம்பளத்திலே கிடைத்தது. மணமாகாத மகனின் உழைப்பு முழுவதும் பொதுச் சொத்திற் சேரவேண்டும் என்ற பழைய விதி நடைமுறையில் மங்கிற்று. அதற்குப் பதிலாகக் காசுக்கட்டளை ஊருக்கு வந்தது. தந்தையின் பொறுப்பிலிருந்த தோட்டத்தை அயலவர் பார்த்தனர். தாயின் பொறுப்பை எவர் பார்ப்பது என்ற கேள்வி, அந்நாளிலேயே முதன்முறையாகக் கடலின் இருபுறமும் கடிதங்களில் எழுதப்பட்டது.

அதே உத்தியோகம் வேறொரு வேலியையும் கொண்டுவந்தது. அதுவே பென்சன் என ஊரார் அழைத்த இளைப்பாற்றுச் சம்பளம். மலாயாவில் வேலைசெய்து திரும்பிய பென்சன்காரர் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மதிப்புடன் வாழ்ந்தனர். மாதந்தோறும் வரும் சிறு தொகை, முதியவரை வீட்டின் தலைவராகவே வைத்திருந்தது. இலங்கையிலே அரசாங்க உத்தியோகத்தரின் விதவையரும் அநாதைப் பிள்ளைகளும் பயன்பெற 1898ஆம் ஆண்டில் இளைப்பாற்று நிதியொன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. கணவனை இழந்த முதிய தாய் பிள்ளைகளின் கையை எதிர்பாராமல் வெற்றிலை வாங்குவதற்கும் கோயிலுக்குக் காணிக்கை இடுவதற்கும் அது வழிசெய்தது. தனியார் துறையில் உழைத்தோர்க்கு 1958ஆம் ஆண்டில் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஆயின் அந்நிதி இளைப்பாறும் நாளில் ஒரே தொகையாகக் கைக்கு வருவது. மகளின் கலியாணத்துக்கும் மகனின் வீட்டுக்குமாக அது கரைந்துபோனால், எஞ்சிய ஆண்டுகளுக்கு வேலியில்லை.

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழரின் கதை இவற்றிலும் கடினமானது. அங்கே தொழிலாளிக்கு நிலமில்லை, உறுதியில்லை, இருந்த இடம் லயத்து அறையொன்றே. அவ்வறையும் தொழிலோடு பிணைந்தது. தேயிலைக் கொழுந்தெடுத்த தாய் வேலையிலிருந்து நின்ற பின்னர், அதே தோட்டத்தில் பெயர் பதிந்த மகனோ மகளோ இருந்தாலன்றி அவளுக்குத் தங்குமிடம் உறுதியில்லை. 1964ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று; 150,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிப்பதற்காக விடப்பட்டது. இக்கணக்குத் தலைகளை எண்ணியது, குடும்பங்களை எண்ணவில்லை. ஒரே வீட்டில் ஒரு பிள்ளை இங்கே, ஒரு பிள்ளை அங்கே எனப் பிரிய நேர்ந்தபோது, முதிய பெற்றோர் எந்தப் பிள்ளையோடு செல்வது என்ற முடிவு புகையிரத நிலையத்தில் எடுக்கப்படும் முடிவாயிற்று. பெற்றோரைப் பேணுதல் பிள்ளையின் மனத்தை மாத்திரம் பொறுத்ததன்று, நாட்டின் ஏற்பாட்டையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இனி, பிள்ளையும் நிலமும் பென்சனும் இல்லாத முதியோரின் கதியை நோக்குதல் வேண்டும். அவர்களுக்குத் தொன்றுதொட்டு மடங்களும் கோயில் வாசல்களுமே புகலிடமாயிருந்தன. 1850ஆம் ஆண்டில் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக் முன்னின்று, பொதுமக்களின் உதவியோடு ஏழைகளுக்கென யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலையொன்றை ஏற்படுத்தினார். ஆயின் வைத்தியசாலை நோய்க்கு இடமளிப்பது, முதுமைக்கு இடமளிப்பதன்று. நோய் தீர்ந்தால் வீடு செல்லவேண்டும். முதுமையோ தீர்வதில்லை.

முதியோருக்கெனவே ஓர் இல்லம் என்ற எண்ணம் இந்நாட்டுக்குப் பிரான்சு தேசத்திலிருந்து வந்தது. 1839ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரித்தானி மாகாணத்துச் சான் செர்வான் என்னும் ஊரிலே, ஜான் ஜுகான் என்னும் எளிய பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருத்தியைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் படுக்கையை அவளுக்குக் கொடுத்தார். பின்னர் கூடையைக் கையிலேந்தி வீடுவீடாகச் சென்று முதியோருக்காக இரந்தார். அவர் தொடங்கிய வறியோரின் சிறிய சகோதரிகள் சபையினர் 1888ஆம் ஆண்டில் கொழும்பிலே தம் இல்லத்தை அமைத்தனர். பின்வந்த காலத்தில் சைவரும் பௌத்தரும் பிற சமயத்தவரும் நடத்தும் முதியோர் இல்லங்கள் நாட்டின் பல பாகங்களில் எழுந்தன.

அரசாங்கம் இத்துறையிற் பிந்தியே இறங்கியது. 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச்சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரசபைகளின் எல்லைக்குள் ஆதரவற்றோருக்கு உதவும் பொறுப்பை அச்சபைகளிடம் ஒப்படைத்தது. சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவை ஆணைக்குழுவின் அறிக்கை 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே, நாடு சுதந்திரம் பெறும் வேளையில், சமூக சேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கைதடி முதலிய இடங்களில் அமைந்த அரசாங்க முதியோர் இல்லங்கள் இவ்வழியில் வந்தவை. வீட்டுக்கும் கோயில் வாசலுக்கும் இடையில் மூன்றாவது கூரையொன்று உண்டாயிற்று.

எனினும் சட்டத்தில் நெடுங்காலம் ஒரு வெற்றிடம் இருந்தது. 1889ஆம் ஆண்டின் பராமரிப்புக் கட்டளைச்சட்டம் மனைவியும் பிள்ளைகளும் நீதவான் நீதிமன்றத்திலே பராமரிப்புக் கோர வழிசெய்தது. பெற்றோரைப் பற்றி அச்சட்டத்தில் ஏற்பாடு இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே இவ்வெற்றிடத்தை நிரப்பியது. பிள்ளைகள் தம் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என்றும், அவர்களைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்றும் அச்சட்டம் விதித்தது. பிள்ளைகளற்ற, அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குத் தங்குமிடம் அளித்தல் அரசின் கடமை என்றும் அதே சட்டம் கூறியது. தம்மைத் தாமே பேணமுடியாத பெற்றோர் முறையிடுவதற்குப் பராமரிப்புச் சபை அமைக்கப்பட்டது. மணமாகாத மகனின் உழைப்பைப் பொதுச் சொத்திற் சேர்க்கச் சொன்ன 1707ஆம் ஆண்டின் தொகுப்புக்கும் இச்சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. இரண்டினதும் கருத்து ஒன்றே: அன்பு முதன்மையானது, அது தவறும் இடத்திற் கடமை நின்று தாங்குதல் வேண்டும்.

அதே 2000ஆம் ஆண்டிலே யப்பான் தேசம் வேறு வழியிற் சென்றது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் யாவரும் பணம் செலுத்தும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியை அந்நாடு நடைமுறைப்படுத்தியது. இலங்கை பிள்ளையின் கடமையை எழுத்தில் அமைத்தது. யப்பான் அக்கடமையின் பாரத்தை ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்டது. இரு நாடுகளும் ஒரே பாரத்தையே தூக்க முயன்றன.

அப்பாரம் எவ்வாறு இத்துணை வளர்ந்தது என்பதும் எண்ணத்தக்கது. 1946ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த ஒருவரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 43 ஆண்டுகள் வரையிலேயே இருந்தது. மலேரியா ஒழிப்பும் இலவச வைத்தியமும் பரவ, 1950களின் நடுப்பகுதிக்குள் அது 60 ஆண்டுகளை எட்டியது. 1981ஆம் ஆண்டில் மக்கள் தொகையில் 6.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பில் அவர்கள் 12.4 சதவீதத்தினர். மறுபுறத்தில் பிள்ளைகளின் தொகை குறைந்தது. ஐந்தாறு பிள்ளைகள் பகிர்ந்த கடமையை இன்று ஒருவரோ இருவரோ சுமக்கின்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர் போரும் இடப்பெயர்வும் மூண்டு, பல குடும்பங்களின் பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் சிதறினர். பூட்டிய வீடுகளின் முன்விறாந்தையிலே முதியோர் மாத்திரம் எஞ்சினர்.

பேணுதலின் தன்மையும் மாறிவிட்டது. முன்னே முதியவருக்கு வேண்டியவை உணவும் உடையும் உறங்க ஓரிடமும். இன்று பாரிசவாதத்தால் விழுந்தவரும், மறதிநோயால் தம் பிள்ளையையே அறியாதவரும் பல ஆண்டுகள் உயிர்வாழ்கின்றனர். அவரைத் தூக்கிக் குளிப்பாட்டவும், படுக்கைப்புண் வாராமல் நேரத்துக்கு நேரம் திருப்பிக் கிடத்தவும், இரவிலே விழித்திருக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மகளோ மருமகளோ ஆகிய ஒரு பெண்; அவளும் உத்தியோகம் செய்பவளாக இருக்கலாம். மூன்று மாதம் செய்தற்கு அன்பு போதும். எட்டு ஆண்டுகள் செய்தற்கு அன்போடு ஏற்பாடும் வேண்டும்.

இந்நீண்ட சரித்திரத்திலிருந்து இன்று முடிவெடுக்கும் குடும்பத்தார் கொள்ளத்தக்க பாடங்கள் சில உண்டு. முதலாவது, முதியவரின் கை வெறுமையாகலாகாது. தேசவழமை சொத்தைப் பெற்றவரிடமே வைத்தது; கண்டி வழக்கம் கொடுத்ததை மீட்கும் உரிமையைத் தந்தது; யாழ்ப்பாணத்து உறுதி சீவிய உரித்தை ஒதுக்கியது; பென்சன் மாதந்தோறும் கையை நிரப்பியது. வடிவம் நான்கு, கருத்து ஒன்று. ஆதலால் இருக்கும் ஒரே வீட்டையும் எவ்வித உரித்தும் வைக்காது எழுதிக் கொடுத்தல் முன்னோர் வழியன்று. கொடிய நன்றியீனம் காரணமாக நன்கொடையை மீட்பது பற்றி 2017ஆம் ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது உண்மையே. ஆயின் அவ்வழி நீதிமன்றத்தினூடாகச் செல்வது. எண்பது வயதில் வழக்கு நடத்துவதிலும், எழுபது வயதில் ஒரு வாக்கியத்தை எழுதி வைப்பது எளிது.

இரண்டாவது, பேணுபவரின் உழைப்பும் கணக்கில் வருதல் வேண்டும். மகளைப் பின்னா முறையில் வீட்டில் வைத்துக்கொண்ட தந்தை அவளுக்கு நிலத்தில் உரிமை தந்தார். இன்று கடல் கடந்த பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர். ஊரில் இருக்கும் ஒருவரே இரவும் பகலும் உழைக்கின்றார். பணம் அனுப்பியவரின் பங்கு வங்கிப் புத்தகத்தில் இருக்கின்றது. உழைத்தவரின் பங்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனை உடன்பிறந்தோர் கூடியிருந்து வெளிப்படையாகப் பேசி, ஓய்வுக்கு நாளும், உதவிக்கு ஆளும், செலவுக்குத் தொகையும் குறித்துக்கொண்டால், பின்னாளிற் கசப்பு உண்டாகாது.

மூன்றாவது, முதியோர் இல்லம் என்பது எப்போதும் கைவிடுதல் ஆகாது. வீடு என்பது எப்போதும் பேணுதலும் ஆகாது. பின்னறையிலே பேச்சுத் துணையின்றிக் கிடக்கும் தாயும் உண்டு. நல்ல இல்லத்திலே ஒத்த வயதினரோடு பேசி, வேளைக்கு மருந்துண்டு மகிழ்ந்திருக்கும் தாயும் உண்டு. எந்தக் கூரை என்பதை விட, அக்கூரையின் கீழே யார் இருக்கின்றார் என்பதே முக்கியம். இல்லத்தைத் தெரிவுசெய்வோர் அது சட்டப்படி பதிவு பெற்றதா என்று முதலில் விசாரித்தல் வேண்டும். முன்னறிவித்தலின்றி உணவு வேளையில் ஒரு முறையும், மாலை மங்கிய பின் ஒரு முறையும் சென்று பார்த்தல் வேண்டும். இரவிலே எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேட்டல் வேண்டும். அங்கு வாழும் முதியோர், பணியாளர் வரும்போது முகமலர்கின்றனரா, ஒடுங்குகின்றனரா என்று கவனித்தல் வேண்டும். சேர்த்த பின்னர் செல்லும் வருகையே பிள்ளையின் உண்மையான கட்டணம்.

நான்காவது பாடம் ஏனையவற்றுக்கெல்லாம் அடிப்படையானது. புகையிரத நிலையத்தில் நின்ற முதிய தோட்டத் தொழிலாளியை எவரும் கேட்கவில்லை. அவருக்காகப் பிறர் முடிவெடுத்தனர். அச்சரித்திரம் வீடுகளிலே மீண்டும் நிகழலாகாது. எங்கே இருக்க விரும்புகின்றீர்கள், எவர் கையால் உண்ண விரும்புகின்றீர்கள், எதனை உம்மோடு வைத்துக்கொள்ள விரும்புகின்றீர்கள் என்று, விடைசொல்லும் வலிமை உள்ள காலத்திலேயே பெற்றவரைக் கேட்டல் வேண்டும். விழுந்த பின்னர், வைத்தியசாலைப் படுக்கையைச் சுற்றி நின்று அவசரமாகப் பேசி எடுக்கும் முடிவிலே, முதியவரின் குரல் பெரும்பாலும் இருப்பதில்லை.

யாழ்ப்பாணத்து நொத்தாரிசு அறியாமலே இப்பாடத்தைக் கற்பித்து வந்தார். அவர் மகளை நோக்கிக் கேட்கவில்லை; மருமகனை நோக்கியும் கேட்கவில்லை. பேனாவை நிறுத்தி, முதியவரின் முகத்தை நோக்கிக் கேட்டார். அந்த ஒரு கணத்துத் தயக்கத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொண்டு, முதியவர் சொல்வதை அப்படியே எழுதுவதற்கு இடமளித்த வீடுகளில், சீவிய உரித்து என்னும் வாக்கியத்துக்குப் பின்னர் ஒருபோதும் வேலை இருந்ததில்லை. வேலி அங்கே நின்றது. அதற்குள்ளே அன்பு தடையின்றி வளர்ந்தது.